வலது நுரையீரலில் ஒரு நிழல்

திருத்தணி
24.8.2005

அக்கா,

நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ உன்கூட டாக்டருக்குப் படித்த நாகராஜனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து என் புக்ககத்தில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கோபம் இருந்தால் திட்டு. ஆனால் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டு.

எனக்கு டி.பி. என்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை, மலையடிவாரத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது, கோயில் ஊழியர் குடும்பங்களுக்கு இலவசம் என்று மடப்பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் நைவேத்தியம் முடித்து இறங்கி வந்து, "வாயேன், சும்மாதானே எடுக்கறான்" என்றார். எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஃபிலிமும் இல்லை, இருட்டறையில் கழுவுவதும் இல்லை. டி.வி. மாதிரி ஒரு பெட்டியில் எலும்புக்கூடு வந்து நிற்கிறது. படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் அங்கே கிடையாது. டெலிபோன் லைனில் சென்னைக்கு அனுப்பி, அங்கே ஒருத்தர் பார்த்து, கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிடுகிறது.

பெண்களைக் கவனிக்கும் ஆயா பூவம்மாள் அன்றைக்கு லீவு. படம் எடுக்கிறவர், அரசு என்று பெயர், கோயில் வீட்டுப் பெண் என்று எட்டியே நின்றார். தாலியைக் கழற்றச் சொல்வாரோ என்று எனக்கு உதறல், எப்படிச் சொல்வது என்று அவருக்கு அதைவிட உதறல். கடைசியில், "கழட்ட வாணாங்க. சரட்ட மேல தூக்கிப் பல்லால கடிச்சிக்கினு மூச்ச இழுத்துப் புடிங்க, போதும்" என்றார். அப்படியே நின்றேன்.

"வலது நுரையீரல் மேல்பகுதியில் நிழல். காசநோயாக இருக்கலாம்." இதுதான் சென்னையிலிருந்து வந்த பதில். என்னைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருத்தர் என் நெஞ்சுக்குள் பார்த்துச் சொல்லிவிட்டார்.

வெளியே தெரிந்தால் இவருடைய மடப்பள்ளி முறை போய்விடும். டி.பி.க்காரி புருஷன் கிண்டிய சர்க்கரைப் பொங்கலை யார் கை நீட்டி வாங்குவார்கள்? ஆனால் அதுகூட இல்லை அக்கா, என் பயம். எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறான். ஷ்யாம். எட்டு மாதம். அன்று சாயங்காலமே என் நாத்தனார் அபிராமசுந்தரி அவனைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை இல்லாமலே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். "நான் பாத்துக்கறேன். நீ மட்டும் கிட்ட வராதேடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அழுதுகொண்டே சொன்னார். அவர் மட்டும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணங்களுக்குப் பட்சணம் செய்கிறவர், எப்போதும் இருமல்தான். "அடுப்புப் புகை குடிச்ச நெஞ்சு. இதைப் படம் பிடிச்சு ஊருக்குக் காட்டணுமாக்கும்" என்று சொல்லிவிட்டார்.

பால் கட்டி மார்பு கல்லாகக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிறான். நான் செத்துப்போவேனா? அவனுக்கு ஒட்டியிருக்குமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல். போன் கூடத்தில் இருக்கிறது, எஸ்.டி.டி. பூத்துக்காரர் இவருக்குச் சிநேகிதர். அதனால் என் தோழி சந்திராவின் தையல் கடை விலாசத்துக்கு எழுது.

தேவசேனா

*

பெங்களூர்
30.8.2005

அடி தேவசேனா,

சாகமாட்டாய். முதலில் இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி.

நான் பெரியம்மாவாகி எட்டு மாதம் ஆகிறது, அதை நான் உன் டி.பி.யோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கார்டு போட முடியவில்லை உன்னால். சரி, அதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

இது டி.பி.யாகவே இருந்தாலும் மாத்திரை தின்றால் குணமாகிவிடும். மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மற்றவர்களுக்குத் தொற்றுவது அநேகமாக நின்றுவிடும். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு கொடு. உன் நாத்தனாரிடம் இதைச் சொல். டாக்டரிடம் சளிப் பரிசோதனை கேள். குழந்தையையும் அவரிடம் காட்டு, தள்ளிப் போடாதே.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் படத்தை ஒரு சி.டி.யில் போட்டு வாங்கி எனக்கு அனுப்பு. நானும் அந்த சென்னை டாக்டர் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறேன். அமெரிக்காவில் ராத்திரி எடுக்கிற படங்கள் இங்கே பகலில் என் முன்னால் வந்து விழுகின்றன. பார், சொல், அடுத்தது. நோயாளி குட்டையா நெட்டையா என்றுகூடத் தெரியாது. பக்கத்தில் நின்று "அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்ல முடியாது. இந்த வேலையில் நான் தினமும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், படத்தைப் பார்க்காமல் என்னால் எதையும் நம்ப முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீ அரண்டு போயிருக்கிறாய், அந்த டாக்டரும் அரண்டிருக்கலாம்.

தைரியமாக இரு.

ஸ்ரீவர்ஷினி

*

திருத்தணி
3.10.2005

அக்கா,

சளியில் கிருமி இல்லை என்று வந்தது. சந்தோஷப்படுவதற்குள், "கிருமி தெரியலேன்னா நோய் இல்லேன்னு அர்த்தமில்லம்மா, படம் சொல்லுதே" என்று டாக்டர் பாலசுப்பிரமணியன் மாத்திரை ஆரம்பித்துவிட்டார். படம் சொல்கிறது, படம் சொல்கிறது என்று எல்லோரும் அதையே சொல்கிறார்கள். எனக்கு உடம்பில் ஒரு வலியும் இல்லை. ஆனால் முதல் மாத்திரை சாப்பிட்ட அன்றே சிறுநீர் ரத்தம் மாதிரி சிவப்பாகப் போயிற்று. உள்ளே என்னவோ அறுந்துவிட்டது என்று கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீ எழுதியதை நாத்தனாரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்னதாக. "அவாளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவா. நாளைக்குக் குழந்தைக்கு ஒண்ணுன்னா அவாளா வருவா?" என்றார். பால் வற்றிவிட்டது. ஷ்யாமை டாக்டரிடம் காட்டலாம் என்றால், ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்று இவர் தயங்குகிறார். அவனுக்குச் சாயங்காலமானால் உடம்பு கதகதக்கிறது என்று நாத்தனார் சொல்கிறார். பல் முளைக்கிற காய்ச்சல் என்கிறார். இராப்பூரா மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் பாவம், அவர் இருமுகிற சத்தமும் அவன் சிணுங்குகிற சத்தமும் மாறி மாறிக் கேட்கும். நான் இந்தப் பக்கம் சுவரில் காதை வைத்துக்கொண்டிருப்பேன்.

சி.டி. கேட்டேன். படத்தை அதில் ஏற்றுகிற கருவி கெட்டுப் போயிருக்கிறதாம். அரசு, "சென்னைலேந்து ஆள் வந்துகினே இருக்காருங்க" என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்.

இன்னொன்று. முடி கொடுத்துவிட்டேன். "முருகா, என் பிள்ளையை என் கையில் கொடு" என்று வேண்டிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை மொட்டை போட்டுக்கொண்டேன். சுமங்கலி முழு மொட்டை போடலாமா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். நாத்தனார்தான் எனக்காகச் சண்டை போட்டார். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. தலை லேசாக இருக்கிறது, மனசு இல்லை.

தேவசேனா

*

பெங்களூர்
10.10.2005

தேவசேனா,

சிவப்பு அந்த மாத்திரையின் சாயம். ரத்தம் இல்லை. கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குழந்தையின் காய்ச்சல் எத்தனை நாளாக? எடை ஏறுகிறதா? பல் முளைப்பதற்கு வாரக்கணக்கில் காய்ச்சல் வராது. உங்கள் மானத்தை உறியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு அவனைக் காட்டுங்கள்.

முடிக்காக உன்னைத் திட்டப் போவதில்லை. சின்ன வயசில் அந்த முடிக்குச் சிக்கெடுத்தே என் கை ஓய்ந்தது.

சி.டி.யை அனுப்பு. அனுப்பு. அனுப்பு.

ஸ்ரீவர்ஷினி

*

திருத்தணி
14.11.2005

அக்கா!

நிழல் போய்விட்டது! இரண்டாவது படம் எடுத்தார்கள். "முந்தைய நிழல் முற்றிலும் காணப்படவில்லை" என்று சென்னையிலிருந்து பதில். டாக்டருக்கே ஆச்சரியம். மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது, இருந்தாலும் இவ்வளவு சீக்கிரமா என்றார். நாத்தனார் வாசலிலேயே மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். "முடியைக் குடுத்தா, உயிரைக் குடுத்துட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மறைத்து மறைத்து வைத்த வியாதி, குணமானதும் ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது அதில் வெட்கம் இல்லை, பெருமை. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் குடும்பமே என்னைப் பார்க்க வந்தது. ஒரு பெண் என் மொட்டைத் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு படமும் சி.டி.யில் வந்துவிட்டது. இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது.

ஆனால் அக்கா, ஷ்யாம் இன்னும் என்னிடம் வரவில்லை. அவன் இளைத்துப் போயிருக்கிறான். கை குச்சி மாதிரி இருக்கிறது. இருமுகிறான். நான்தான் கொடுத்துவிட்டேன். எனக்கு மட்டும் குணமாகி, என் நோய் அவனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவனுக்கும் முடி இறக்கலாம் என்று நாத்தனார் தைக்கு நாள் பார்த்திருக்கிறார். அதுவரை தாங்குவானா?

பயமாக இருக்கிறது அக்கா.

தேவசேனா

*

பெங்களூர்
24.11.2005

தேவசேனா,

உட்கார்ந்துகொண்டு படி. இரண்டு முறை படி.

உனக்கு டி.பி. வரவே இல்லை.

சி.டி. நேற்று வந்தது. முதல் படத்தில் அந்த நிழலைப் பார்த்தேன். நுரையீரலில் இருக்கிற நோய் நுரையீரலோடு நிற்க வேண்டும். இது நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி மேலே கழுத்துவரை போகிறது, முறுக்கிய கயிறு மாதிரி, பட்டை பட்டையாக. நாகராஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

அன்று வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தாய். எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பாய். ஈரத்தோடு இறுக்கிப் பின்னி, முதுகு நனையாமல் சடையை வலப்பக்கத் தோள்மேல் முன்னால் எடுத்துப் போட்டிருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை? ஈரமான கனத்த சடை படத்தில் அப்படித்தான் விழும். அந்த மனிதரும் நீயும் தாலியிலேயே கண்ணாக இருந்தீர்கள், முடியை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் படத்தில் நிழல் எங்கே போயிற்று என்று இனி நான் சொல்ல வேண்டாம். மருந்தும் இல்லை, முருகனும் இல்லை. சடை இல்லை, அவ்வளவுதான். டாக்டர் பாலசுப்பிரமணியனுக்குத் தனியாக விவரமாக எழுதியிருக்கிறேன். அவர் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்து.

இதைக் கண்டுபிடித்ததும் சிரித்தேன். மேஜையைத் தட்டிச் சிரித்தேன். பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

நீ கொடுக்கவில்லை என்றால் குழந்தைக்கு ஏன் காய்ச்சல்? ஏன் இளைக்கிறான்? உங்கள் வீட்டில் இருமுகிறவர் ஒரே ஒருத்தர். படம் எடுக்க வராதவரும் அவர்தான். ஆகஸ்டிலிருந்து அவன் அவர் மடியில்தான் தூங்குகிறான். எல்லோருமாகச் சேர்ந்து அவனை நல்ல நெஞ்சிடமிருந்து பிடுங்கி, நோயுள்ள நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். நானும் பார்க்காமல்தான் பேசுகிறேன். ஆனால் கடிதம் கிடைத்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. அவரையும் கூட்டிக்கொண்டு போ.

ஸ்ரீவர்ஷினி

*

திருத்தணி
5.12.2005

அக்கா,

உனக்கென்ன, எழுதிவிட்டாய். நான் இந்த வீட்டில் இருக்கிறேன்.

நாத்தனாரைப் பார்த்து "உங்களுக்கு டி.பி." என்று நான் எந்த வாயால் சொல்வது? குழந்தையைப் பிரித்ததற்குப் பழி வாங்குகிறேன் என்பார்கள். வாசலில் தினம் நாலு பேர் தேங்காய் பழத்தோடு வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் போய், "அது நோயே இல்லை, என் சடை" என்பதா? இவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "சாமி விஷயத்தில விளையாடாதே. அந்த ஓடிப்போனவ எழுதினாளா?" என்றார். சந்திராவின் கடை வழியாக நாம் எழுதிக்கொள்வது தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அவர் அவனை எப்படி வளர்க்கிறார் என்று உனக்குத் தெரியாது. தான் மென்று ருசி பார்த்துத்தான் ஒரு பருக்கையை அவன் வாயில் வைக்கிறார். இப்போது அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றுகிறது. முன்னெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

நேற்று அவன் அழவே இல்லை. சோர்ந்து கிடந்தான். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்புகிறான். என்ன செய்யட்டும் அக்கா?

தேவசேனா

*

பெங்களூர்
8.12.2005

தேவசேனா,

குழந்தை அழுவதை நிறுத்திவிட்டான் என்றால் அது நல்லதற்கு இல்லை. நுரையீரலோடு நிற்காமல் மூளைக்கு ஏறினால் அப்புறம் என் கையிலும் இல்லை, யார் கையிலும் இல்லை. உன்னைப் பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். பயப்படு. ஆனால் ஊருக்குப் பயப்படாதே, இதற்குப் பயப்படு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ போகவில்லை என்றால் நானே வருவேன். கொல்லை வழியாக இல்லை, தெருவாசல் வழியாக.

ஸ்ரீவர்ஷினி

*

திருத்தணி
12.1.2006

அக்கா,

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன் என்று சென்னையிலிருந்து கார்டு போட்டேனே, விவரம் இப்போதுதான் எழுத முடிகிறது. உன் கடிதத்தைச் சந்திராவின் கடையில் நின்றுகொண்டே படித்தேன். வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் ஐந்தாறு பேர் என்னைப் பார்க்கக் காத்திருந்தார்கள். எங்கிருந்து வந்ததோ தைரியம், "என்னைக் கும்பிடாதீங்கோ, எனக்கு வியாதியே இல்லை, படத்தில தெரிஞ்சது என் சடை" என்று சொல்லிவிட்டேன். இவர் முகம் கறுத்துவிட்டது. நாத்தனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "முருகன் குடுத்ததைச் சடைங்கறியா? நாக்கு அழுகிடும்டி" என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. "குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போறேன், குடுங்கோ" என்றேன். கொடுக்கவில்லை. "நானே வரேன், அவன் என்னை விட்டு இருக்கமாட்டான்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அங்கே மெஷினைப் பார்த்து ஷ்யாம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது. "அவன் பயப்படறான். நீங்க முதல்ல நின்னு காட்டுங்கோ, பாத்தா பயம் போயிடும்" என்றேன். அவனுக்காக என்றதும் மறுபேச்சில்லை. டாக்டருக்கு நீ எழுதியது ஆயா பூவம்மாளுக்கும் தெரிந்திருக்கிறது. அவள், "இரும்மா, முடிய எட்த்து உச்சியில கட்டிக்கலாம். அன்னிக்கி நான் லீவு போட்டது இம்மாம் பெரிய வம்பாயிட்ச்சே" என்று முடிந்துவிட்டாள். நாத்தனார் பலகையில் நெஞ்சை வைத்துக்கொண்டு, திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார். "ஆடக் கூடாதுங்க" என்று அரசு சொன்ன பிறகுதான் முகத்தைத் திருப்பினார்.

சென்னையிலிருந்து இரண்டு பதிலும் சேர்ந்தே வந்தன. அவருக்கு இரண்டு நுரையீரலிலும், ஒன்றில் குழியே விழுந்திருக்கிறது. ஷ்யாமுக்கு நெஞ்சுக்குள் நெறி கட்டியிருக்கிறது. டாக்டர் பாலசுப்பிரமணியன் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "குழந்தைக்கு யார்கிட்டேந்து வந்தது டாக்டர்?" என்று நாத்தனார் கேட்டார். டாக்டர் மேஜைமேல் இருந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாத்தனார் எழுந்து, ஷ்யாமை என் மடியில் போட்டுவிட்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரோடு சுவராக நின்றார்.

அன்றே சென்னைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது நான் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். மூளைக்கு ஏறவில்லை அக்கா. நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். மருந்து ஆரம்பித்துப் போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி குடிக்கிறான். மடப்பள்ளியில் இவரைக் கொஞ்ச நாள் வரவேண்டாம் என்றிருக்கிறார்கள். இவர் திண்டாடுகிறார், ஆனால் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை இல்லை.

என் மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார், இப்போது நாத்தனார் மாத்திரை சாப்பிடுகிறார். கொல்லையில் விறகு வைக்கும் அறையைப் பெருக்கி அங்கேயே போய்விட்டார். தனித் தட்டு, தனிச் செம்பு. நான் சோறு கொண்டு போனால், "அங்கேயே வெச்சுட்டுப் போ" என்று கையைக் காட்டுகிறார். அன்றைக்கு எனக்குச் செய்ததை இப்போது தனக்கே செய்துகொள்கிறார்.

ஷ்யாம் என்னிடம் வரமாட்டேன் என்கிறான். குட்டை முடி வளர்ந்த இந்தத் தலை அவனுக்குப் பழக்கமில்லை. தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் கையை நீட்டி அழுகிறான். நேற்று அந்த அழுகையைக் கேட்டு அவர் கதவைத் திறந்து ஒரு அடி வெளியே வந்தார். அவன் சிரித்தான். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை மாதம் அவன் என்னிடம் வர வேண்டும் என்று அழுதேனே, நேற்று அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்காக அழுதேன்.

மருந்து நன்றாக வேலை செய்கிறது, கொஞ்ச நாளில் நீங்கள் அவனைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறார். நான் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறேனாம். "படத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சாளே உன் அக்கா, அவ சொன்னா நம்பறேன்" என்றார், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

அவருக்கு ஒரு கடிதம் எழுது அக்கா. குழந்தையை எப்போது தொடலாம் என்று தேதி போட்டு எழுது. கவர்மேல் அவர் பெயரையும் எங்கள் வீட்டு விலாசத்தையும் எழுது, அனுப்புநர் என்று உன் பெயரை முழுசாக எழுது. தபால்காரர் வந்தால் இவர்தான் வாங்குவார். வாங்கட்டும்.

தேவசேனா